ஒரே ட்ரிப்பில் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ்... பல நகர வெளிநாட்டு சுற்றுலாவை பிளான் செய்வது எப்படி?

'இவ்வளவு செலவு பண்ணி அவ்வளவு தூரம் போறோம், பக்கத்துல இருக்குறதையும் பார்த்துட்டு வந்துடலாமே...' வெளிநாட்டு சுற்றுலா பற்றிய பேச்சு வீட்டில் தொடங்கியதும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். அங்கேதான் சிக்கலும் தொடங்கும். மூன்று ஊர் என்று ஆரம்பித்த லிஸ்ட் இரண்டே நாளில் ஏழு ஊராகிவிடும். கடைசியில் பத்து நாள் பயணத்தில் பாதி நாள் ரயில் நிலையத்திலும், ஹோட்டல் வரவேற்பறையிலும், பெட்டி கட்டுவதிலுமே கழிந்துவிடும்.

பல வருட சேமிப்பு, ஒரு வருஷத்து லீவு, கூடவே வயதான அம்மா அப்பா, சின்ன குழந்தைகள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு போகும் பயணத்தில் சின்ன தப்பு நடந்தாலும் இழப்பு பெரிது. அப்படியென்றால் பல நகரங்களைச் சேர்த்து ஒரு பயணத்தை எப்படி வடிவமைப்பது? எந்த ஊரில் தங்குவது, எந்த ஊருக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்புவது? இந்தியர்கள் அதிகம் விரும்பும் இத்தாலியை உதாரணமாக வைத்து விரிவாகப் பார்க்கலாம்.

'பேஸ் சிட்டி' என்றால் என்ன?

பல நகரப் பயணத்தின் அடிப்படை விதி இதுதான்: தங்கும் ஊர்கள் குறைவாகவும், பார்க்கும் ஊர்கள் அதிகமாகவும் இருக்க வேண்டும். அதாவது ஒரு ஊரில் மூன்று நான்கு இரவுகள் தங்கி, பெட்டிகளை அறையிலேயே வைத்துவிட்டு, பக்கத்து ஊர்களுக்கு காலையில் போய் இரவு திரும்பிவிடுவது. தங்கும் ஊரைத்தான் 'பேஸ் சிட்டி' என்கிறார்கள். காலையில் போய் இரவு திரும்பும் பயணத்துக்குப் பெயர் 'டே ட்ரிப்'.

இதில் என்ன லாபம்? ஒரு ஹோட்டலைக் காலி செய்து இன்னொரு ஊர் ஹோட்டலுக்கு மாறினால் குறைந்தது அரை நாள் காலி. காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். இடைப்பட்ட நேரத்தில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். பத்து நாளில் ஆறு முறை ஹோட்டல் மாறினால் மூன்று நாள் அப்படியே போய்விடும். இரண்டே முறை மாறினால் போவது ஒரு நாள் மட்டும்தான்.

ரிட்டர்ன் டிக்கெட்டா, மல்டி சிட்டி டிக்கெட்டா?

பலரும் செய்யும் முதல் தவறு, விமான டிக்கெட்டை 'ரோம் போக, ரோமிலிருந்து திரும்ப' என்று எடுப்பது. ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் மூன்றும் தெற்கிலிருந்து வடக்காக ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருக்கும் ஊர்கள். வெனிஸ் வரை போய்விட்டு விமானம் பிடிக்க மறுபடியும் ரோம் வந்தால், சுமார் 4 மணி நேர ரயில் பயணமும் அதற்கான கட்டணமும் கூடுதல் செலவு. சில நேரம் ஒரு இரவு ஹோட்டல் வாடகையும் அதில் சேர்ந்துகொள்ளும்.

டிக்கெட் தளங்களில் 'மல்டி சிட்டி' என்று ஒரு வசதி உண்டு. அதில் போகும்போது ரோம், திரும்பும்போது வெனிஸ் என்று ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். கட்டணம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும், மிச்சமாகும் ரயில் செலவையும் ஒரு நாளையும் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

டிக்கெட் எடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

- ஒரே டிக்கெட்டில் உள்ள ஒரு விமானத்தில் ஏறாமல் விட்டால், அதற்கு அடுத்த விமானங்களின் முன்பதிவும் பொதுவாக ரத்தாகிவிடும்.
- இரண்டு விமானங்களை தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் நஷ்டம் உங்களுடையது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் மாற்று விமானம் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு.
- ஃபிராங்க்பர்ட் போன்ற ஐரோப்பிய நகரம் வழியாக இத்தாலி போனால், குடியேற்றச் சோதனை அந்த முதல் விமான நிலையத்திலேயே நடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் கைரேகை, முகப்படம் எடுத்துப் பதியும் புதிய எல்லை நடைமுறை தொடங்கியிருக்கிறது. அதனால் அங்கு அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் ரிஸ்க்தான்.

விசா எந்த நாட்டில் கேட்க வேண்டும்?

இத்தாலி உட்பட 29 ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா போதும். அதுதான் ஷெங்கன் விசா. ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. உதாரணமாக இத்தாலியில் 6 இரவு, பாரிஸில் 3 இரவு என்றால், முதலில் பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பிக்க வேண்டியது இத்தாலியிடம்தான். 'அந்த நாட்டுல சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்குது' என்று வேறு நாட்டிடம் விண்ணப்பித்தால் விசா மறுக்கப்படலாம்.

விசாவுக்கான முக்கிய விவரங்கள்:

- பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும்.
- முடிவு தெரிய வழக்கமாக 15 நாட்கள் ஆகும். சில விண்ணப்பங்களுக்கு 45 நாட்கள் வரை நீளலாம்.
- 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ. 6 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்காது.
- குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.
- பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

'அப்படியே லண்டனையும் பார்த்துட்டு வந்துடலாம்' என்பவர்கள் கவனிக்க: பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதற்கு தனி விசா வேண்டும். லண்டன் போய்விட்டு மறுபடி இத்தாலிக்குள் வர வேண்டுமென்றால், ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையும் அனுமதியுடன் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஆனால் அங்கு நாணயம் யூரோ இல்லை, ஃபிராங்க்.

இந்தியர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி, விதிமீறல் இல்லாமல் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் பலமுறை நுழைவு விசா தரும் விதி 2024 ஏப்ரலில் வந்தது. அதன் பிறகு ஐந்து ஆண்டு விசாவுக்கும் வழி இருக்கிறது. அதனால் முதல் பயணத்திலேயே எல்லா நாட்டையும் பார்த்துத் தீர்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கிழமையைப் பார்த்துத்தான் தேதி!

பயணத் திட்டத்தில் தேதியைவிட கிழமை முக்கியம். காரணம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விடுமுறை நாள் இருக்கிறது.

- வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும். அன்று அனுமதி இலவசம், கூட்டமோ கூட்டம்.
- போப் ரோமில் இருக்கும்போது புதன்கிழமை காலையில் மக்களைச் சந்திப்பது வழக்கம். அந்த நேரத்தில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்குள் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது.
- ஃபிளாரன்ஸில் உஃபிட்சி ஓவியக் கூடமும், மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை உள்ள அக்காடமியாவும் திங்கள் விடுமுறை.
- வெனிஸின் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு. பார்வையாளர்களுக்கு பிற்பகலில்தான் அனுமதி.

ஞாயிறு வாடிகன், திங்கள் உஃபிட்சி என்று பிளான் போட்டால் இரண்டு இடத்திலும் மூடிய கதவைத்தான் பார்க்க முடியும்.

9 இரவுகள்: ஒரு மாதிரித் திட்டம்

மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு திட்டம் இப்படி அமையும்.

சனி: பகலில் ரோம் வந்து சேர்தல். மாலையில் ட்ரெவி நீரூற்று, பாந்தியன் பக்கம் ஒரு நடை. வேறு எதுவும் வேண்டாம்.
ஞாயிறு: கொலோசியம், ரோமன் ஃபோரம்.
திங்கள்: பாம்பெய் டே ட்ரிப்.
செவ்வாய்: வாடிகன்.
புதன்: காலை ரயிலில் ஃபிளாரன்ஸ். சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பெட்டியை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு கதீட்ரல் பகுதி.
வியாழன்: உஃபிட்சி, அக்காடமியா.
வெள்ளி: பைசா, லூக்கா டே ட்ரிப்.
சனி: ரயிலில் வெனிஸ். சுமார் இரண்டேகால் மணி நேரம்.
ஞாயிறு: காலையில் முரானோ, புரானோ தீவுகள். பிற்பகலில் செயின்ட் மார்க்ஸ்.
திங்கள்: வெனிஸிலிருந்து ஊர் திரும்புதல்.

ரோமில் 4 இரவு, ஃபிளாரன்ஸில் 3, வெனிஸில் 2. பத்து நாளில் ஹோட்டல் மாறுவது இரண்டே முறை. பார்ப்பதோ பாம்பெய், பைசா, லூக்கா, இரண்டு தீவுகளையும் சேர்த்து எட்டு இடங்கள்.

டே ட்ரிப்புக்கு எவ்வளவு தூரம் சரி?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ரயில் எத்தனை மணி நேரம் என்று பார்க்காதீங்க. ஹோட்டல் வாசலிலிருந்து பார்க்கும் இடத்தின் வாசல் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்க. அது ஒரு வழிக்கு 2 மணி நேரத்துக்குள் இருந்தால் வசதி. இரண்டரை மணி நேரம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் அது டே ட்ரிப் அல்ல, தண்டனை.

பாம்பெய்யையே எடுத்துக்கொள்வோம். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் அதிவேக ரயிலில் சுமார் 1 மணி 10 நிமிடம். இதைப் பார்த்ததும் 'ஒரு மணி நேரம்தானே' என்று தோன்றும். ஆனால் நேப்பிள்ஸில் இறங்கி, கீழ்த்தளத்தில் உள்ள சர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலுக்கு மாற வேண்டும். அதில் சுமார் 40 நிமிடம். காத்திருப்பையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். அதாவது எல்லையைத் தொட்டுவிட்டது. 'அப்படியே அமால்ஃபி கடற்கரையையும் பார்த்துடலாம்' என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

பாம்பெய்யில் நிழல் குறைவு, தரையெல்லாம் மேடு பள்ளமான கல் பாதை. முட்டி வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால், ரோமுக்குப் பக்கத்திலேயே உள்ள ஆஸ்தியா ஆன்டிகாவை யோசிக்கலாம். அதுவும் பழைய ரோமானிய நகரம்தான். புறநகர் ரயிலில் சுமார் அரை மணி நேரம். ஆனால் அங்கு திங்கள் விடுமுறை. அதனால் மேலே உள்ள திட்டத்தில் வாடிகனை திங்களுக்கும், ஆஸ்தியாவை செவ்வாய்க்கும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை ட்ரிப்பை வட்டமாகப் போடலாம். ஃபிளாரன்ஸிலிருந்து பைசா சுமார் ஒரு மணி நேரம், பைசாவிலிருந்து லூக்கா சுமார் அரை மணி நேரம், லூக்காவிலிருந்து நேராக ஃபிளாரன்ஸ். போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை. சாய்ந்த கோபுரத்தில் ஏற 8 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்பதை முன்பே சொல்லி வைத்துவிடுவது நல்லது. அங்கு போய்ச் சொன்னால் அழுகைதான்.

டே ட்ரிப்புக்கு இன்னும் மூன்று விதிகள்:

1. வந்து இறங்கிய மறுநாளும், ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளும் தூரப் பயணம் வேண்டாம். முதலாவதில் உடம்பு அசதி, இரண்டாவதில் ரயில் தவறினால் விமானமே தவறும் ஆபத்து.
2. திரும்பி வர கடைசி ரயிலை நம்பக் கூடாது. அதற்கு முந்தைய ரயிலில் வருவதுதான் திட்டமாக இருக்க வேண்டும்.
3. சூரிய அஸ்தமனத்தைப் பாருங்கள். ஜூனில் ரோமில் இரவு 8:30-க்கு மேலும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் சரியாக வரும் டே ட்ரிப், டிசம்பரில் பாதியாகிவிடும்.

ரயில் டிக்கெட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

இத்தாலியில் இரண்டு வகை ரயில்கள். ஒன்று அதிவேக ரயில். ட்ரெனிட்டாலியாவின் ஃப்ரெச்சாரோஸ்ஸா, தனியார் நிறுவனமான இத்தாலோ இரண்டும் ஓடுகின்றன. விமான டிக்கெட் போல, முன்கூட்டி எடுத்தால் மலிவு, கடைசி நேரத்தில் விலை அதிகம். மலிவு டிக்கெட்டுகளை பெரும்பாலும் மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது. குறிப்பிட்ட ரயிலில் மட்டும்தான் ஏறலாம்.

மற்றொன்று 'ரெஜியோனாலே' எனப்படும் உள்ளூர் ரயில். இதில் என்றைக்கு எடுத்தாலும் ஒரே கட்டணம். ஃபிளாரன்ஸ் - பைசா சுமார் 10 யூரோ. காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள மெஷினில் முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம். 'தெரியாம பண்ணிட்டோம்' என்பது அங்கு எடுபடுவது கஷ்டம்.

நிலையப் பெயர்களும் முக்கியம். அறிவிப்புப் பலகையில் ஃபிளாரன்ஸ் என்று இருக்காது, 'ஃபிரென்ஸே' என்றுதான் இருக்கும். வெனிஸ் என்பது 'வெனெட்ஸியா'. அதிலும் மெஸ்த்ரே என்பது நிலப்பகுதி நிலையம், சாந்தா லூசியா என்பது தீவுப்பகுதி நிலையம். ஹோட்டல் எங்கே என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.

ரயில் வேலைநிறுத்தமும் அங்கு அடிக்கடி வரும். இத்தாலிய மொழியில் 'ஷோப்பெரோ'. பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓட வேண்டும் என்பது விதி. அன்று வெளியூர் போக வேண்டியிருந்தால் இந்த நேரங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வெனிஸுக்குள் நுழைய கட்டணமா?

ஆமாம், ஆனால் எல்லோருக்கும் இல்லை. பகலில் வந்துவிட்டு இரவு தங்காமல் திரும்பும் 14 வயதுக்கு மேற்பட்ட பயணிகளுக்கு, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் முறை 2024-ல் தொடங்கியது. முன்கூட்டி பதிவு செய்தால் 5 யூரோ. கடைசி நேரத்தில் பதிந்தால் 10 யூரோ என்பது 2025-ல் வந்தது. வெனிஸ் நகர எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. மெஸ்த்ரேவில் தங்கினாலும் விலக்கு உண்டு. ஆனால் விலக்குக்கும் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இதுதவிர, இத்தாலியின் பெரிய நகரங்களில் ஹோட்டல் பில்லோடு 'சிட்டி டேக்ஸ்' என ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள்.

வெனிஸ் தீவில் கார், ஆட்டோ எதுவும் இல்லை. பாலங்கள் எல்லாம் படிக்கட்டு. நீர்ப்பேருந்தில் ஒரு முறை போக, 75 நிமிடம் செல்லும் டிக்கெட்டுக்கு 9.50 யூரோ. நான்கு பேர், நான்கு பெரிய சூட்கேஸ் என்றால், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் எடுப்பது புத்திசாலித்தனம்.

எதை எப்போது புக் செய்வது?

இந்த வரிசை தவறினால்தான் பணம் போகும்.

6 மாதம் முன்பு: நாட்களையும் ஊர்களையும் முடிவு செய்யுங்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியுள்ள ஹோட்டல்களை மட்டும் புக் செய்யுங்கள். விசா அப்பாயின்ட்மென்ட் தேடத் தொடங்குங்கள்.

3 மாதம் முன்பு: விசா விண்ணப்பம். கையில் விசா வரும் வரை ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட்டையோ ரயில் டிக்கெட்டையோ எடுக்காமல் இருப்பது நல்லது.

விசா வந்ததும்: விமான டிக்கெட்டை உறுதி செய்துவிட்டு, அதிவேக ரயில் டிக்கெட், அருங்காட்சியக டிக்கெட்.

30 நாள் முன்பு: கொலோசியம் டிக்கெட். விற்பனை 30 நாட்களுக்கு முன்புதான் தொடங்கும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ளதுபோலவே கொடுக்க வேண்டும். பாம்பெய்யிலும் 2024 நவம்பர் முதல் பெயருடன்தான் டிக்கெட், ஒரு நாளுக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி.

உள்ளூர் ரயில் டிக்கெட்டை மட்டும் முன்பே எடுக்க வேண்டாம். மழை பெய்தால் டே ட்ரிப்பை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அதில்தான் இருக்கிறது.

ஏஜென்சி மூலம் பேக்கேஜாகப் போனால், டிசிஎஸ் எனும் வரி பிடிக்கப்படும். அது கூடுதல் செலவு அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ரசீதை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கு கார்டு தேய்க்கும்போது 'ரூபாயிலா, யூரோவிலா' என்று மெஷின் கேட்டால், யூரோவைத் தேர்வு செய்வதே பொதுவாக லாபம்.

பாஸ்போர்ட் தொலைந்தால்?

ரோம், நேப்பிள்ஸ் ரயில் நிலையங்களில் பிக்பாக்கெட் ஆபத்து உண்டு. டிக்கெட் மெஷின் பக்கத்தில் உதவி செய்வதுபோல வருபவர்களிடம் உஷாராக இருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களை ஒவ்வொருவர் மொபைலிலும், காகிதத்தில் ஒரு செட்டும் வைத்திருங்கள். தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீஸில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். தூதரகம் ரோமில் இருக்கிறது, துணைத் தூதரகம் மிலானில் இருக்கிறது. எந்த அவசரத்துக்கும் அழைக்க வேண்டிய எண் 112.

ஒரு நாளை காலியாக விடலாமா?

விடலாம், விட வேண்டும். முடிந்தால் பயணத்தின் நடுவில் ஒரு அரை நாளாவது எதுவும் எழுதாமல் விட்டுவிடுங்கள். துணி துவைக்க, தூங்க, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அறையிலேயே இருக்க அந்த நேரம் தேவைப்படும். எல்லாம் நல்லபடியாக நடந்தால், ஏதோ ஒரு சந்தில் ஜெலாட்டோ சாப்பிட்டுக்கொண்டு சும்மா உட்காரலாம்.

லிஸ்ட்டில் இன்னொரு ஊரைச் சேர்க்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'அங்கே எத்தனை மணி நேரம் நிற்கப் போறோம், அதுக்காக எத்தனை மணி நேரம் ரயில்ல உட்காரப் போறோம்?' உட்காரும் நேரம்தான் அதிகம் என்றால், அந்த ஊரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.